எங்களுக்கு நாடு புளியங்குடி

எங்கள் குடும்பத்தில் தலைச்சன் பிள்ளைகள் எல்லாம் தமிழ்நாடு, இளையதுகள் எல்லாம் கேரளா. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். இடுக்கி மலையில், சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டின் லயங்களில், அந்தக் கம்பெனி வரிசை வீடுகளில், இருக்கிற பெண்களின் தாய் வீடுகள் பெரும்பாலும் மலைக்குக் கீழே, சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர்ப் பக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டு பஸ் ஏற்றி அனுப்புவார்கள். பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் திரும்பி வந்துவிடுவார்கள். இரண்டாவது பிரசவத்துக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. எஸ்டேட் ஆஸ்பத்திரியே போதும்.

அப்பா மரியஜோசப் தலைச்சன், கடையநல்லூரில் பிறந்தார். நான் தலைச்சன், புளியங்குடியில் பிறந்தேன். என் தம்பி வினோ இளையவன், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தான். அசல் கேரளக்காரன். ஒரு பந்தை அவன் பக்கம் எறிந்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்றுதான் இருபத்து மூன்று வயது வரை நினைத்திருந்தேன். விஷயம்தான் என்று சொல்லிக்கொடுத்தவர் கருணன் மாஷ்.

மாஷ், சஹ்யாத்ரி கோப்பையின் கேரளக் கமிட்டிச் செயலாளர். தென் மாநிலங்களின் பெண்கள் அணிகள் மோதும் ரக்பி செவன்ஸ் போட்டி அது. அணிக்கு ஏழு பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி இடுப்பைக் கட்டிக் கீழே தள்ளுவாள், பந்தைப் பின்னால் வருகிறவளுக்குத்தான் எறியலாம். "அதென்னட்டி, முன்னால நிக்கவளுக்குக் குடுக்கக் கூடாதா? இத எவன் கண்டுபிடிச்சான்?" என்று அம்மா கேட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். சேர்ந்த முதல் வாரமே பி.டி. மேடம் என் தோளைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா, வீட்ல என்ன தூக்குவே?" என்று கேட்டார். விறகு என்றேன். மறுநாள் பந்தைக் கையில் கொடுத்தார். மூன்று வருடம் ஆடினேன். படிப்பு முடிந்து மலைக்குத் திரும்பி ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தேன். வருகிறவர்களுக்கு வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுதான் கணிதப் பட்டதாரியின் வேலை. கேரள அணித் தேர்வு முகாம் என்று வாட்ஸப்பில் வந்ததும், மேனேஜர் முறைக்க முறைக்க லீவு போட்டுவிட்டு வந்தேன். "போயிட்டுச் சும்மா திரும்பி வந்தே, இந்த நாற்காலி இருக்காது" என்றார். அதனால் சும்மா திரும்புகிற எண்ணம் எனக்கு இல்லை.

முகாம் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர் பக்கம். ஒரு பள்ளி மைதானத்தில் ஆட்டம், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் படுக்கை. மே மாத வெயில். ஸ்வெட்டர் போட்டு வளர்ந்தவள் நான். முதல் இரண்டு நாள் மைதானத்து ஓரத்தில் வாந்தி எடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து மற்றவர்களை எடுக்க வைத்தேன்.

என் பக்கத்துப் படுக்கை ஹஸ்னா. கொழிஞ்சாம்பாறையில் அவள் அப்பாவுக்கு அரிசிக் கடை; அத்தா என்பாள். கோயம்புத்தூர்க்காரர்கள் போல எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவாள். அந்தப் பக்கம் பசந்தி முர்மு. ஒடிசாவிலிருந்து ஐந்து வருடத்துக்கு முன் பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் விளையாட்டுக்காகவே சேர்க்கப்பட்டவள். தமிழை ஹஸ்னாவிடம் கற்றதால், மண்டப வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "தள்ளிப் படுங்க நாயே" என்றுதான் விரட்டுவாள்.

ஒரு மத்தியானம் ஹஸ்னாவின் போனில் ஜப்பான் அணியின் பழைய ஆட்டம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். தேசிய கீதத்துக்கு நின்றபோது, மலை போன்ற ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஜப்பான் பாஷையில் உருகிப் பாடினான்.

"ஏனுங்க்கா, இவரு ஜப்பானுங்களா? எங்கத்தா கடைல மூட்டை எறக்கறவராட்ட இருக்காருங்க."

"டோங்கா தீவுல பிறந்தவன். அஞ்சு வருசம் அங்கன இருந்தா அந்த நாட்டுக்கு ஆடலாம்."

"அப்ப நானும் டோங்காங்க" என்றாள் பசந்தி. "போன மாசம் அஞ்சு வருசம் முடிஞ்சுதுங்க. இனி நான் கேரளாங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அன்று சாயங்காலம் மாஷ் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

பள்ளியின் ஒரு வகுப்பறைதான் அலுவலகம். மாஷ் ரிட்டயரான பி.டி. வாத்தியார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் விதி என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால், விசில் கிடைத்த பையன் மாதிரி. கமிட்டியின் விதி உலக விதியைப் பார்த்து எழுதியது. இந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும். இல்லை, அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ பிறந்திருக்க வேண்டும். இல்லை, கடைசி ஐந்து வருடம் இடைவிடாமல் இங்கே வீடு இருந்திருக்க வேண்டும்.

"குட்டி தமிழ்நாட்டிலா பிறந்தது?" என்றார். எல்லைப் பக்கத்துக்காரர் என்பதால் தமிழும் மலையாளமும் அவருக்கு ஒரே தட்டில்தான்.

"பிரசவத்துக்கு அம்மா அவங்க பிறந்த ஊருக்குப் போனாங்க சார். மூணாம் மாசம் வந்துட்டேன்."

"அச்சன்?"

"அவரும் அப்படித்தான்."

"தாத்தா?"

"அவங்கல்லாம் கீழ பிறந்து மேல வேலைக்கு வந்தவங்க."

மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சூடு ஏறியது.

"சார் எங்க பிறந்தீங்க?"

"நானா? ஒத்தப்பாலம். அம்மெட வீடு."

"உங்க வீடு?"

"இவிட சித்தூர்தான்."

"அப்ப நீங்களும் வெளி ஆளுதான?"

"ஒத்தப்பாலம் கேரளத்தில் அல்லே, குட்டி!"

"உங்க அம்மா பஸ் ஏறி ஒத்தப்பாலம் போனாங்க. எங்க அம்மா பஸ் ஏறி புளியங்குடி போனாங்க. நடுவுல ஒரு செக்போஸ்ட் இருந்தது எங்க அம்மா தப்பா சார்?"

என்னோடு வந்து கதவோரம் நின்ற ஹஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். மாஷுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். பிறப்பு போகட்டும், ஐந்து வருட வீடு என்ற வழியில் பார்க்கலாம் என்றார். அதற்கும் மதுரைதான் குறுக்கே நின்றது. ஐந்தில் மூன்று வருடம் அங்கே இருந்திருக்கிறேன். படிக்கப் போகாமல் லயத்திலேயே கிடந்திருந்தால் நான் கேரளக்காரி. படித்ததால் கெட்டேன்.

"ஹாஸ்டல் சார் அது. லீவு விட்டா எங்க வந்தேன்? சின்னக்கானலுக்குத்தான?"

அவர் யோசித்தார். "சரி. படிக்கான் போயதுதானே. வீடு இவிடத்தான்னு வீட்டுக்காரங்க சொன்னா போதும், நான் கமிட்டிக்கு எழுதறேன். அம்மாவுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல இடு. நீ ஒண்ணும் சொல்லிக் கொடுக்காதே."

அம்மா அன்னாள் அப்போதுதான் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பெரிய அதிகாரி பேசுகிறார் என்று புரிந்ததும் குரலைக் கூட்டிக்கொண்டாள். மாதா கோவிலில் வாசகம் வாசிக்கிற குரல்.

"அம்மா, ஞான் சித்தூரில்நின்னு. நிங்களுடெ நாடு எவிடெயா?"

"எங்களுக்கு நாடு புளியங்குடி சார்."

வாயைத் திறந்தேன். மாஷ் விரலைத் தூக்கினார்.

"மகள் மூணு கொல்லம் எவிடெ இருந்நு?"

"நாட்டுலதான் சார் இருந்தா. மூணு வருசமும் நாட்டுலதான். நல்லாப் படிச்சா சார். எங்க லயத்துலயே மொதப் பட்டம் அவதான்."

மாஷ் நன்றி சொல்லிப் போனை வைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் என்ன செய்ய? நீயும் கேட்டாய் அல்லே."

கேட்டேன். மலையாளத்தில் நாடு என்றால் சொந்த ஊர். எங்கள் எஸ்டேட்டில் நாடு என்றால் மலைக்குக் கீழே இருக்கிற எல்லாம். மதுரையும் நாடுதான், தேனியும் நாடுதான். 'நாட்டுக்குப் போயிருக்காக', 'நாட்டுல மழையாம்', 'நாட்டுத் தக்காளி'. அங்கே ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும், போய்ப் பத்து வருடம் ஆனவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன். மாஷ் சரியாகக் கேட்டார், அம்மா சரியாகச் சொன்னாள். நடுவில் நான் விழுந்தேன்.

மைதானத்துக் கடைசியில், பனைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா சொல்லி வச்சே? புளியங்குடின்னா? நீ அங்க போயி எத்தன வருசமாச்சு?"

"ஏட்டி, நாடுன்னு கேட்டாரு. நாட்டச் சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

"சின்னக்கானல்னு சொல்லக் கூடாதா?"

"சின்னக்கானல் நாடா? இது மலையில்லா?" அம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. பிறகு குரல் தாழ்ந்தது. "நாங் கெடுத்துட்டேனா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் பின்னால் வினோ டி.வி.யில் மலையாளப் படம் பார்க்கிற சத்தம் கேட்டது.

அதற்குள் எனக்கு ஒன்று உறைத்தது. விதியில் நாடு என்ற வார்த்தையே இல்லை. வீடு என்றுதான் இருக்கிறது. மாஷ் தப்பான கேள்வி கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலைப் பயிற்சி முடிந்ததும் புழுதியோடு போய் அவர் மேஜை முன் நின்றேன். "சார், விதியில என்ன இருக்கோ அதக் கேளுங்க. வீடு எங்கன்னு கேளுங்க. வீடுன்னா உங்க பாஷையிலயும் வீடு, எங்க பாஷையிலயும் வீடு."

மாஷ் விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தார். மெதுவாக, விரல் வைத்து. "அது சரியாணு" என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு நொடி அவரை எனக்குப் பிடித்தது. போன் போட்டேன். ஸ்பீக்கர். இந்த முறை ஹஸ்னாவோடு பசந்தியும் வந்து நின்றாள்.

"அம்மா, நேத்து விளிச்ச ஆள்தான். ஒரு காரியம் மட்டும். நிங்களுடெ வீடு எவிடெயா?"

நேற்று ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்ற பயம் அம்மாவுக்கு இருந்திருக்க வேண்டும். இன்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாள்.

"வீடா சார்? நமக்கு ஏது சார் வீடு. இது கம்பெனி லயம். ரிட்டயர் ஆனா காலி பண்ணிக் குடுக்கணும். எனக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் சர்வீஸ். அதுக்கப்புறம் எங்கன போறதுன்னுதான் சார் நாங்களே…" நிறுத்திக்கொண்டாள். "வீடு இல்ல சார்."

மாஷ் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதில் இல்லாத ஒரு பட்டனைத் தேடுகிற மாதிரி தடவி, அம்மாவிடம் "சரி அம்மா, சரி" என்று இரண்டு முறை சொல்லி அணைத்தார்.

எனக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. நேற்றுச் செலவழித்துவிட்டேன் போல. யார் மேல் வருவது என்று தெரியாத கோபம்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஆளைத் தேடிப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். மாஷைத் தவிர அந்த அறையில் அதற்கு வேறு ஆள் இல்லை. ஆனால் அவர் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"ஒரு வழி உண்டு" என்றார். "ஒரு அணிக்கு ஒரு வெளி மாநில ஆளை எடுக்கலாம். போன வருஷம் வரை அந்த ஸீட்டில் பசந்தி. இப்போ அவள் கேரளம். ஸீட் ஒழிவாணு, காலி. நீ நல்லா ஆடறே, எனக்குத் தெரியும். அந்த ஃபாரத்தில் ஒப்பு வச்சா, கையெழுத்து போட்டா, நாளை அணியில் நீ."

ஒடிசாவில் பிறந்தவள் காலி செய்த வெளி ஆள் இடத்தில், சின்னக்கானலில் நடை பழகிய நான் உட்கார வேண்டும். சிரிப்பதா, மேஜையைக் கவிழ்ப்பதா?

"ஒப்பு வச்சா என்ன ஆகும்?"

"இன்றிலிருந்து அஞ்சு வருஷக் கணக்கு துடங்கும்."

"இதுக்கு முன்னால இருந்ததெல்லாம்?"

மாஷ் ஃபாரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

நான் அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தேன். கிழிக்கலாம் என்றுதான் வந்தேன். ஹஸ்னா தண்ணீர் கொடுத்தாள். "தமிழ்நாட்டுக்கே ஆடீருங்க்கா. எங்க சின்னத்தா கோயம்புத்தூருங்க, அங்க ஆளுகளத் தெரியுமுங்க."

"மதுரையில ஆடுனப்ப என்னைய என்னன்னு கூப்பிட்டாங்க தெரியுமா? 'மலையாளத்தா'. மூணு வருசமும் அதான் பேரு. அங்க போனா மலையாளத்தா, இங்க இருந்தா பாண்டி. எவ கூப்பிட்டாலும் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாளுக."

பசந்தி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "ஸைன் பண்ணுங்க பிலோமி. நல்ல ஸீட்டுங்க. தூரத்து ஆளுன்னு ஃபேனுக்கு அடியில கட்டில் தருவாங்க."

"உனக்கு அது பொய் இல்ல. நீ வெளிய இருந்து வந்தே. நான் எங்க இருந்து வந்தேன்?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "நான் கேரளான்னு எழுதினப்ப எங்கம்மாகிட்ட சொல்லலீங்க" என்றாள். "பாதிப் பொய் எனக்கும் இருக்குதுங்க. ஆனா ஆடாம இருக்க முடியலீங்களே."

அவள் குனிந்து பூட்ஸிலிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்கு நேற்றிலிருந்து ஒரு எரிச்சல் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. அவள் என் இடத்தைப் பிடுங்கவில்லை. ஐந்து வருடம் இந்த வெயிலில் விழுந்து எழுந்து ஒன்றைச் சம்பாதித்திருக்கிறாள். நான் சம்பாதிக்க வேண்டியதே இல்லை என்று நினைத்திருந்ததை, என்னைச் சம்பாதிக்கச் சொல்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஃபாரத்தை மடியில் விரித்தேன். வெளி மாநில வீராங்கனை என்று மேலே அச்சடித்திருந்தது. பெயர்: பிலோமி. தகப்பன் பெயர்: மரியஜோசப். 'எங்கிருந்து வருகிறார்' என்று ஒரு கட்டம். அதில் எழுதினேன். ஒப்பு வைத்தேன். எடுத்துக்கொண்டு போய் மாஷிடம் நீட்டினேன்.

மாஷ் கண்ணாடி போட்டுப் படித்தார். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் நின்றார். "சின்னக்கானல், இடுக்கி ஜில்லா… இது கேரளம் அல்லே?"

"ஆமா சார்."

"வெளி மாநில ஃபாரத்தில் கேரளத்திலிருந்து வருகிறாள்னு எழுதினா இது செல்லுமா?"

"செல்லாதுன்னா அடிச்சிடுங்க சார். உங்க கையால சின்னக்கானல அடிச்சிட்டு, மேல தமிழ்நாடுன்னு நீங்களே எழுதுங்க. பக்கத்துல நான் ஒப்பு வைக்கிறேன்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் அடித்திருந்தால் ஒப்பு வைத்திருப்பேனா என்று எனக்கு இப்போதும் தெரியாது. லீவு போட்ட நாற்காலி, மேனேஜரின் முகம், வாந்தி எடுத்த மைதானம் எல்லாம் அந்தப் பேனா முனையில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

மாஷ் பேனாவை மூடி வைத்தார். முத்திரையை எடுத்து, ஊதி, அடித்தார். படித்துவிட்டுத்தான் அடித்தார்.

"நீ என்ன படிச்சே? வக்கீலா?"

"கணக்கு சார்."

"நன்னாயி" என்றார். "யாராவது கேட்டா, எழுத்துப் பிழைன்னு சொல்றேன்."

"பிழைன்னு சொல்லாதீங்க சார்."

அவர் ஃபாரத்தைக் கோப்பில் வைத்தார். "போ. மூணு மணிக்கு மைதானம்."

மண்டபத்து வெளிப்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டும்போது அம்மாவே கூப்பிட்டாள். மத்தியானக் கொழுந்து எடை போடுகிற நேரம். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம்.

"சேத்துக்கிட்டாகளாட்டி?"

"சேத்துக்கிட்டாங்க. வெளி ஆளுன்னு."

"வெளி ஆளுன்னா?"

"கேரளாவுக்குத்தான் ஆடுவேன். ஆனா வெளி ஆளு."

அம்மா அதை மெல்ல மென்று விழுங்கினாள். "ரிசார்ட்டு மேனேஜரு கேட்டா?"

"சேத்துக்கிட்டாங்கன்னு சொல்லு. மத்தது அவருக்கு எதுக்கு?"

"எந்த ஊருன்னு எழுதுன?"

"சின்னக்கானல்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நேற்று அவளைத் திட்டியதற்கு ஈடாக அதைச் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். பெண்களின் சத்தம் தேய்ந்தது; அம்மா தள்ளி வந்து நிற்கிறாள்.

"அப்ப நாட்டப் போடலையா நீ?" என்றாள். குரலில் ஒரு வருத்தம் இருந்தது. "உன்னையப் பெத்து எடுத்த ஊருல்லாட்டி அது. புளியங்குடி மாமா கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

மைதானத்தில் விசில் ஊதினார்கள். பசந்தி ஓடிக்கொண்டே, "வாருங்க பிலோமி, லேட்டுங்க" என்று கத்தினாள். போனைக் காதில் வைத்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் வைக்கவில்லை.